ஆவடி டெண்டரில் வரும் எண்களைப் படிப்பது எப்படி? சிறு பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

675, 765. இரண்டையும் வேகமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கு குழறும். எனக்குக் கையே குழறியது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு சிஎன்சி, ஒரு மில்லிங், அப்பா காலத்து லேத் ஒன்று. இதுதான் என் பட்டறை. வருஷக்கணக்காக ஆட்டோ பார்ட்ஸ் ஜாப் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மந்தமான வருஷத்தில், பக்கத்து ஷெட்காரர் ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலைக்கு, அதாவது பாதுகாப்புத் துறைக்கு, ஆர்டர் செய்வதைப் பார்த்து நானும் இறங்கினேன். முதல் கொட்டேஷனிலேயே 765 என்று தொடங்கும் பார்ட் நம்பரை 675 என்று அடித்துவிட்டேன். சாதாரண எழுத்துப்பிழை என்றால் யாராவது கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். ஆனால் 765 என்பது பிஎம்பி-1 காலாட்படை வண்டியின் வடிவமைப்பு எண், 675 என்பது பிஎம்பி-2 வண்டியுடையது. இரண்டுமே உண்மையான எண்கள். ஆகவே அது பிழையாகத் தெரியவில்லை, வேறு பொருளுக்கு ரேட் கொடுத்ததாகத்தான் தெரிந்தது. விலையைத் திறப்பதற்கு முன் பார்க்கும் தொழில்நுட்பக் கவரிலேயே வெளியே போட்டுவிட்டார்கள். சாம்பிளுக்கு வாங்கிய ராடு, லேப் டெஸ்ட், அலைச்சல் எல்லாம் சேர்த்து பத்தொன்பதாயிரம் போனது.

அதற்கப்புறம்தான் இந்த எண்களை உட்கார்ந்து படித்தேன். நீங்கள் அந்தப் பத்தொன்பதாயிரத்தைக் கட்ட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

1. பெயரை ஓரமாக வையுங்கள்

ஒரே வண்டிக்கு நாலைந்து பெயர் இருக்கும். நம் ராணுவம் வைத்த பெயர் ஒன்று, பிறந்த நாட்டில் வைத்த பெயர் ஒன்று, வடிவமைத்தவர்கள் உள்ளுக்குள் வைத்துக்கொண்ட திட்ட எண் ஒன்று, ஸ்டோர் கேட்டலாக் எண் ஒன்று. அஜேயா என்றால் டி-72எம்1. பீஷ்மா என்றால் டி-90எஸ். சரத் என்றால் பிஎம்பி-2. ஆவடியில் முதலில் செய்த விஜயந்தாவை இங்கிலாந்தில் விக்கர்ஸ் மார்க் 1 என்பார்கள்.

செய்தித்தாளில் பெயர் வரும். டெண்டரில் பெயர் வந்தாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தாது, கட்டுப்படுத்துவது பார்ட் நம்பரும் டிராயிங் நம்பரும்தான். "அஜேயா பிராக்கெட்" என்று யாராவது போனில் சொன்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ரேட் மட்டும் சொல்லாதீர்கள்.

பெயர் பாதியில் மாறுவதும் உண்டு. அர்ஜுன் டாங்கியில் இப்போது மார்க் 1ஏ என்று சொல்லும் வகை முன்பு மார்க் 2 என்றே அழைக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் 118 டாங்கிக்கு ஆவடிக்கு ஆர்டர் வந்தது மார்க் 1ஏ என்ற பெயரில். பழைய பேப்பரில் மார்க் 2 என்று பார்த்துவிட்டு, இது வேறு ஏதோ புது வண்டி, நமக்கு வாய்ப்பில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

2. எண் எந்த ஊர்க்காரன் என்று பாருங்கள்

நம் ராணுவத்தில் மூன்று ஊர் எண்முறைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. எண்ணைப் பார்த்ததும் அதன் ஊரைச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரிட்டிஷ் வழி வந்த இந்திய முறை: முதலில் பொருளின் பெயர், பிறகு அளவு, கடைசியில் எண். ரைபிள், 7.62 மிமீ, 1ஏ1. மாற்றம் வரவர மார்க் ஏறும், அல்லது பின்னால் எழுத்தும் எண்ணும் ஒட்டும். 1ஏ வேறு, 1ஏ1 வேறு. கடைசி ஒன்றைச் சும்மா அலங்காரத்துக்குப் போட்டது என்று நினைத்து விட்டுவிட்டால் வேறு வகைக்கு ரேட் கொடுத்ததாகிவிடும்.

ரஷ்ய முறை: வண்டிக்கு டி-72 மாதிரி. ஆயுதத்துக்கும் ஏவுகணைக்கும் எண், எழுத்து, எண் என்ற வரிசை. 2ஏ என்று தொடங்கினால் பீரங்கிக் குழல். டி-72 டாங்கியின் 125 மிமீ பீரங்கி 2ஏ46, பிஎம்பி-2 வண்டியின் 30 மிமீ பீரங்கி 2ஏ42. 9எம் என்றால் ஏவுகணை. கான்குர்ஸ் டாங்கி எதிர்ப்பு ஏவுகணை 9எம்113.

பொறி இங்கேதான் இருக்கிறது. இஷாப்பூரில் செய்த 7.62 மிமீ போல்ட் ஆக்ஷன் ரைபிளுக்கு 2ஏ1 என்று பெயர். 2ஏ1 இந்தியக் கணக்கு, 2ஏ42 ரஷ்யக் கணக்கு. முதல் இரண்டு எழுத்தும் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே குடும்பமாக நினைக்கக் கூடாது. ஒன்று தோளில் மாட்டுவது, இன்னொன்று வண்டியின் தலையில் உட்காருவது.

அமெரிக்க முறை பட்டறைக்காரர்களுக்கு அதிகம் தேவைப்படாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம் என்றால் மாடல், ஏ-யும் எண்ணும் வந்தால் ஏற்றுக்கொள்ளப்பட்ட மாற்றம், எக்ஸ் முன்னால் வந்தால் இன்னும் சோதனையில் இருப்பது. எக்ஸ்எம்1 என்று தொடங்கி எம்1 ஆகி, எம்1ஏ1 ஆனது அவர்களுடைய டாங்கி. விமானத்தில் முதல் எழுத்து வேலையைச் சொல்லும். அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து பறக்கும் பி-8ஐ விமானத்தில் பி என்றால் கடல் ரோந்து, 8 வரிசை எண், ஐ என்றால் இந்தியா. மின்னணுக் கருவிகளில் ஏஎன் என்று போட்டு, சாய்கோட்டுக்குப் பின் மூன்று எழுத்து வரும். அது எங்கே பொருத்துவது, என்ன வகைக் கருவி, எதற்காக என்பதை அந்த வரிசையில் சொல்லும். பிஆர்சி என்றால் ஆள் சுமப்பது, ரேடியோ, தகவல் தொடர்பு. அவ்வளவுதான்.

3. ரஷ்ய எண்ணில் எழுத்தை நம்பாதீர்கள்

இந்தப் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஆவடி வேலையில் பாதிக்கு மேல் தலைவலி இங்கேதான்.

முதலில் எண். பார்ட் நம்பரின் தொடக்கத்தில் வருவது பெரும்பாலும் அந்த வண்டியின் திட்ட எண். 172 என்றால் டி-72 குடும்பம், 188 என்றால் டி-90, 675 பிஎம்பி-2, 765 பிஎம்பி-1. இதைத் தெரிந்துகொண்டதும் எனக்குப் பெரிய மேதை ஆகிவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம் டி-90 டெண்டர் ஒன்றில் 172 என்று தொடங்கும் எண்கள் வரிசையாக வந்தன. தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று குழம்பினேன். தப்பில்லை. டி-90, டி-72 வழி வந்த வண்டி. மாறாத பாகங்கள் பழைய எண்ணையே சுமந்துகொண்டு வருகின்றன. பிஎம்பி-2 வண்டிக்கான டெண்டரில் 765 வருவதும் அப்படித்தான். ஆக, முன் எண் சொல்வது பாகம் எந்த வண்டிக்காக முதலில் வரையப்பட்டது என்பதை மட்டும். இப்போது எந்த வண்டியில் ஏறப்போகிறது என்பதை டெண்டரின் விவரப் பகுதியில் பாருங்கள்.

இனி எழுத்து. ரஷ்ய எழுத்துகளில் சில பார்க்க இங்கிலீஷ் எழுத்து மாதிரியே இருக்கும், ஒலி வேறு. இங்கிலீஷ் பி (B) மாதிரி இருப்பது அவர்களுக்கு வி. ஹெச் மாதிரி இருப்பது என். சி மாதிரி இருப்பது எஸ். எக்ஸ் மாதிரி இருப்பது தொண்டையில் உரசி வரும் ஒரு கே.

டி-72 இன்ஜின் வி-46. பழைய பிளேட்டில் அது பி-46 போலத் தெரியும். நான் கொண்டுபோன ஜெராக்ஸைப் பார்த்து, ஆவடியில் இன்ஸ்பெக்ஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் சிரித்துவிட்டார். "தம்பி, அது பி இல்லப்பா, ரஷ்யாக்காரன் வி. நீ பி-ன்னு தேடினா அடுத்த தீபாவளி வரைக்கும் தேடு" என்றார். "சார், இதை யாருமே சொல்லலையே" என்றேன். "யாரும் கேக்கலையே" என்றார்.

அசெம்பிளி டிராயிங்கின் எண்ணுக்குக் கடைசியில் இரண்டு எழுத்து வரும். ஒலிப்படி எழுதினால் எஸ்பி (SB), பார்த்தபடி எழுதினால் சிபி (CB). இரண்டும் ஒன்றே. நான் பார்த்த பட்டியல்களில் ஒரே பக்கத்தில் ஒரு வரியில் எஸ்பி என்றும் அடுத்த வரியில் சிபி என்றும் இருந்தது. அந்த இரண்டாவது ரஷ்ய எழுத்து, தலையில் கொடி கட்டிய மாதிரி, ஏறக்குறைய 6 போலவே இருக்கும். நாலாவது தலைமுறை ஜெராக்ஸில் அது முழு 6 ஆகிவிடுகிறது. என் கண்ணெதிரே ஒருவர் அதை எண்ணாக நினைத்து டைப் செய்தார்.

எஸ்பி இருந்தால் அசெம்பிளி, இல்லாவிட்டால் பெரும்பாலும் தனிப் பாகம். இந்த இரண்டெழுத்து உங்கள் ரேட்டைப் பல மடங்கு மாற்றும். ஒரு தனி பிராக்கெட்டுக்கும், புஷ், ஸ்டட், வெல்டிங் எல்லாம் சேர்ந்த பிராக்கெட் அசெம்பிளிக்கும் ஒரே படம்போல் தெரியும். எஸ்பி கண்ணில் பட்டால் உடனே பாகப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

மெட்டீரியல் பெயரிலும் இதே கூத்து. அம்பத்தூரில் நமக்கு இஎன்8, இஎன்24 என்ற எஃகு வகைகள் என்றால் தூக்கத்திலும் தெரியும். ரஷ்ய டிராயிங்கில் 12, எக்ஸ் மாதிரி ஒன்று, 18, ஹெச் மாதிரி ஒன்று, 10, டி என்று இருக்கும். இதைப் பிரித்தால்: கார்பன் 0.12 சதவீதம் வரை, எக்ஸ் போலத் தெரிவது குரோமியம் 18 சதவீதம், ஹெச் போலத் தெரிவது நிக்கல் 10 சதவீதம், டி டைட்டானியம். நம்மூர் கணக்கில் எஸ்எஸ் 321-க்குப் பக்கத்தில் வரும் சரக்கு. இன்னொரு இடத்தில் 30 என்று தொடங்கி நாலு எழுத்து வரும்: குரோமியம், மாங்கனீசு, சிலிக்கன், கடைசியில் உயர்தரம் என்பதற்கான ஏ. இதில் சிலிக்கனுக்கான எழுத்து இங்கிலீஷ் சி மாதிரி இருக்கும். அதைக் கார்பன் என்று படித்துவிட்டு, கார்பன்தான் முன்னாலேயே 30 என்று போட்டாயிற்றே, மறுபடி எதற்கு என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பாரிமுனை இரும்புக் கடையில் போய் இந்தப் பெயரைச் சொன்னால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பக்கத்தில் வரும் கிரேடு இருக்கிறது என்று கொடுக்கவும் செய்வார்கள். வாங்காதீர்கள். மாற்று மெட்டீரியல் போடலாமா என்பதை முடிவு செய்வது நீங்களும் அல்ல, கடைக்காரரும் அல்ல. டிராயிங் வைத்திருக்கும் தர ஆணையத்திடமிருந்து எழுத்தில் அனுமதி வர வேண்டும். போனில் "போடுங்க சார், பாத்துக்கலாம்" என்று சொல்வதெல்லாம் சாம்பிள் ரிஜெக்ட் ஆகும் நாளில் காற்றோடு போய்விடும்.

4. பதின்மூன்று இலக்க எண் வந்தால்

சில பட்டியல்களில் நீளமாகப் பதின்மூன்று இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். இது நேட்டோ நாடுகள் தொடங்கிய கேட்டலாக் முறை. இந்தியா நேட்டோவில் இல்லை, ஆனால் இந்த முறையில் இருக்கிறது.

முதல் நாலு இலக்கம் பொருளின் வகுப்பு. 5305 ஸ்குரூ, 5306 போல்ட், 5310 நட்டும் வாஷரும், 5330 கேஸ்கெட், 3110 பால் பேரிங் போன்றவை, 2530 வண்டியின் பிரேக், ஸ்டியரிங், ஆக்சில், சக்கரம், டிராக் பாகங்கள். அடுத்த இரண்டு இலக்கம் அந்தப் பொருளுக்கு எண் கொடுத்த நாடு. 72 இந்தியா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 00-வும் 01-ம் அமெரிக்கா. கடைசி ஏழு இலக்கத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. அதில் அர்த்தம் தேடி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன்.

நமக்குப் பயன்படுவது முதல் நாலு இலக்கம்தான். உங்கள் பட்டறையில் என்ன செய்ய முடியுமோ அதற்கான ஐந்தாறு வகுப்பு எண்ணை ஒரு அட்டையில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். முந்நூறு வரிப் பட்டியல் வந்தால் பெயரைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், அந்த எண்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

பெயரை ஏன் நம்பக் கூடாது என்றால், இந்தக் கேட்டலாக்கில் பெயர் தலைகீழாக இருக்கும். "வாஷர், ஃபிளாட்", "ஸ்குரூ, கேப்" என்று முதலில் இனம், பிறகுதான் அடைமொழி. நாம் புஷ் என்று சொல்வது "புஷிங், ஸ்லீவ்" என்று 3120 வகுப்பில், பிளெய்ன் பேரிங்குகளோடு உட்கார்ந்திருக்கும். பேரிங் நம்ம லைன் இல்லை என்று தள்ளிவிட்டீர்களானால், லேத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய ஜாபைத் தள்ளிவிட்டீர்கள்.

எக்செல் பற்றி ஒரு வார்த்தை. பதின்மூன்று இலக்க எண்ணை அப்படியே ஒட்டினால் எக்செல் அதை 5.31, ஈ, பிளஸ் 12 என்று சுருக்கிக் காட்டும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணின் பூஜ்யத்தை விழுங்கிவிடும். நடுவில் கோடு போட்ட குட்டிப் பார்ட் நம்பரைத் தேதியாக மாற்றிவிடும். எண்ணை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றி வையுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது.

5. டிராயிங்கை வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை

ஒவ்வொரு பொருளுக்கும் மூலப் படத்தையும் விவரங்களையும் கையில் வைத்திருக்கும் ஓர் அதிகார அமைப்பு உண்டு. ஏஹெச்எஸ்பி என்று பேப்பரில் பார்ப்பீர்கள். சீல் வைத்த விவரங்களுக்குப் பொறுப்பாளர் என்று அர்த்தம். டாங்கி வகைகளுக்கு ஆவடியிலேயே தர உறுதி ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. உங்கள் கையிலுள்ள படத்துக்கும் அவர்களிடமுள்ள படத்துக்கும் வேறுபாடு வந்தால் அவர்களுடையதுதான் செல்லும்.

ஆகவே முதலில் திருத்த எண்ணைப் பாருங்கள். படத்தின் ஓரத்தில் எத்தனையாவது திருத்தம், எந்தத் தேதி என்று இருக்கும். டெண்டரில் சொன்ன திருத்த எண்ணும் இதுவும் ஒன்றுதானா? இல்லையென்றால் ரேட் போடுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். பக்கத்து ஷெட்காரர் "என்கிட்ட அந்த டிராயிங் இருக்கு, எடுத்துக்க" என்று அன்பாகக் கொடுப்பார். அன்பு நிஜம், டிராயிங் மூன்று திருத்தம் பழையது.

இன்னொன்று. இந்தப் படங்களை வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டு "இது யார் பண்ணுவீங்க?" என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே கூடவே கூடாது. கொடுத்த படத்தைத் திருப்பித் தர வேண்டும், நகல் எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருப்பார்கள். 1923-ம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கோ பிளேட்டிங்குக்கோ வெளியே அனுப்புவதாக இருந்தால், தேவையான அளவை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள், அதற்கும் ஆர்டரில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

6. காகிதங்களும் செலவும்

பான், ஜிஎஸ்டி உங்களிடம் இருக்கும். அடுத்து உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இது முழுக்க இலவசம், ஆதாரை வைத்து ஆன்லைனில் உட்கார்ந்த இடத்திலேயே முடியும். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். 2025 ஏப்ரல் முதல் குறு நிறுவன வரம்பு உயர்ந்திருக்கிறது: முதலீடு இரண்டரைக் கோடி வரை, விற்றுமுதல் 10 கோடி வரை. நம்மில் பலர் அதற்குள்தான் வருவோம்.

உத்யமில் உற்பத்தியாளர் என்று பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வியாபாரி என்று இருந்தால் சலுகை கிடைக்காது. சலுகை சின்னதல்ல: டெண்டர் கட்டணம் இல்லை, முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு. பொது நிதி விதிகளின்படி அந்தத் தொகை மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் இருக்கும். ஐம்பது லட்ச ரூபாய் டெண்டரில் குறைந்தது ஒரு லட்சம் முடங்காமல் மிஞ்சும். ஆனால் ஆர்டர் கிடைத்த பிறகு கட்ட வேண்டிய பெர்பார்மன்ஸ் செக்யூரிட்டிக்கு இந்த விலக்கு தானாக வராது. பேங்க் கேரண்டிக்கு மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

டிஜிட்டல் கையொப்பம் கிளாஸ் 3 வேண்டும். கையொப்பம், என்கிரிப்ஷன் இரண்டும் சேர்ந்ததாக எடுங்கள். நான் இரண்டு வருஷத்துக்கு எடுத்தேன், அதை வைக்கும் யுஎஸ்பி டோக்கனோடு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. டோக்கனை ஆடிட்டர் ஆபீஸில் விட்டு வைக்காதீர்கள். டெண்டர் மூடும் நாளில் அவர் திருப்பதி போயிருப்பார்.

கொட்டேஷனில் எல்லோரும் மறப்பது டெஸ்ட் செலவு. கெமிக்கல், ஹார்ட்னஸ், பிளேட்டிங்குக்கு சால்ட் ஸ்பிரே என்று என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற லேப் ரிப்போர்ட் கேட்பார்கள். அளவைச் சரிபார்க்கும் கேஜ் செய்ய வேண்டியிருக்கும். சாம்பிள் ரிஜெக்ட் ஆனால் இந்தச் செலவு இரண்டாம் முறையும் வரும். நான் இப்போதெல்லாம் இரண்டு சுற்று டெஸ்ட் செலவை ரேட்டில் சேர்த்துவிடுகிறேன்.

ஜிஎஸ்டிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. டாங்கிகளும் அவற்றின் பாகங்களும் 8710. ஆனால் போல்ட், நட், ஸ்குரூ டாங்கிக்காகவே செய்தாலும் 7318 தான், ஏனென்றால் அவை பொதுப் பயன்பாட்டுப் பாகங்கள். வரி மாறினால் லாபம் மாறும். ரேட் போடுவதற்கு முன்பே ஆடிட்டரைக் கேளுங்கள்.

எதுவும் புரியவில்லை என்றால் கிண்டியில் மத்திய அரசின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அலுவலகம் இருக்கிறது. பேப்பரோடு நேரில் போய்க் கேளுங்கள்.

7. உங்கள் கம்பெனிக்கே ஒரு எண்

பொருளுக்குப் பதின்மூன்று இலக்கம் போல, அதைச் செய்யும் நிறுவனத்துக்கு ஐந்து எழுத்து அல்லது எண் கொண்ட ஒரு குறியீடு உண்டு. என்கேஜ் என்பார்கள். வெளிநாட்டு ராணுவத்துக்கோ அவர்களுடைய பெரிய கம்பெனிகளுக்கோ சப்ளை செய்ய நினைத்தால் இது தேவை. இந்திய நிறுவனத்துக்கு இதைக் கொடுப்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள தரப்படுத்தல் இயக்ககம். கட்டணம் கிடையாது.

விண்ணப்பத்தில் கம்பெனிப் பெயரும் முகவரியும் ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். என் ஜிஎஸ்டியில் முகவரியிலுள்ள "தெற்கு பேஸ்" என்பதைச் சுருக்கி எழுதியிருந்தார்கள், உத்யமில் முழுதாக இருந்தது. முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் விண்ணப்பித்தேன்.

"உங்கள் பொருளுக்கும் நேட்டோ எண் வாங்கித் தருகிறோம்" என்று காசு கேட்டு ஒரு போன் வரும். பொருளுக்கான எண்ணை உற்பத்தியாளர் காசு கொடுத்து வாங்க முடியாது. அதைப் பயன்படுத்தும் ராணுவத் தரப்பு கேட்டால்தான் எண் பிறக்கும். தவிர அந்த எண் பொருளுக்குச் சொந்தம், உங்களுக்கு அல்ல. அதே எண்ணில் உங்களோடு இன்னும் மூன்று பேர் சப்ளை செய்யலாம். போனை வைத்துவிடுங்கள்.

8. எவ்வளவு நாள் ஆகும்?

விளம்பர டெண்டருக்குப் பொது நிதி விதிகளின்படி குறைந்தது மூன்று வாரம் இருக்கும். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் அதைவிடக் குறைவாகவும் வரும். மூன்று வாரம் கேட்கத்தான் பெரிது. டிராயிங் பார்க்க அனுமதி வாங்குவது, திருத்த எண் பற்றி எழுதிக் கேட்டுப் பதில் பெறுவது, மெட்டீரியல் ரேட் வாங்குவது என்று முதல் இரண்டு வாரம் கரைந்துவிடும். கடைசி நாள் மாலையில் அப்லோட் செய்யாதீர்கள். சர்வர் கடிகாரம்தான் கணக்கு, உங்கள் கைக்கடிகாரம் அல்ல.

ஆர்டர் வந்ததும் மொத்த உற்பத்தியைத் தொடங்கக் கூடாது. முதலில் பைலட் சாம்பிள். அது பாஸ் ஆகி எழுத்தில் வந்த பிறகுதான் மிச்சம். எனக்கு முதல் சாம்பிள் பாஸாக மூன்று மாதம் ஆனது. அதில் மெஷினில் ஓடியது நாலு நாள், மீதியெல்லாம் மெட்டீரியலும் லேபும் காத்திருப்பும். டெலிவரி தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, சாம்பிளுக்கென்று தனியாக நாள் கொடுத்திருக்கிறார்களா என்று ஆர்டரிலேயே பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். என் ஆர்டரில் தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம், உச்சம் பத்து சதவீதம் பிடித்தம் என்று இருந்தது.

மொத்தச் சரக்கு தயாரானதும் இன்ஸ்பெக்டர் வருவார், அல்லது நாம் கொண்டுபோக வேண்டும். அவர் கையெழுத்திட்ட இன்ஸ்பெக்ஷன் நோட் இல்லாமல் ஸ்டோரில் ஒரு வாஷர்கூட உள்ளே போகாது. அது கிடைத்து, சரக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கலாம், ஆன்லைனில் புகார் போடலாம். முதல் ஆர்டரிலேயே யாரும் போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

பில்லில் பார்ட் நம்பரை ஆர்டரில் உள்ளபடியே போடுங்கள். ஆர்டரில் சிபி என்று இருந்தால் சிபி, எஸ்பி என்றால் எஸ்பி. உங்களுக்கு ரஷ்ய எழுத்து தெரியும் என்பதை இங்கே காட்ட வேண்டாம். என் முதல் பில் திரும்பி வந்தது, எண்ணுக்கு நடுவில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் நான் கோடு போட்டிருந்ததால். மாற்றி அனுப்பி, மறுபடி வரிசையில் நின்று, பதினோரு நாள் கழித்துத்தான் பில் நகர்ந்தது.